குறைத்துச் சாப்பிட்டால் குழந்தையின் தலை சிறுக்குமா?

எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். மாமியார் ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் கஞ்சியோடு படுக்கச் சொல்கிறாராம். பிள்ளை பெருத்துவிட்டால் கத்தி வைக்க வேண்டிவரும், சின்னதாக இருந்தால் சுகப்பிரசவம் ஆகும், வெளியே வந்த பிறகு வளர்த்துக்கொள்ளலாம் என்பது மாமியாரின் கணக்கு. இதில் ஏதாவது உண்மை இருக்கிறதா, எல்லாம் மூடநம்பிக்கைதானா என்பது கேள்வி.

மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அறுவை சிகிச்சையும் ரத்தம் ஏற்றும் வசதியும் இல்லாத காலத்தில் குழந்தை வழியில் சிக்கிக்கொண்டால் தாயும் பிழைக்க மாட்டாள், பிள்ளையும் பிழைக்காது. அந்தப் பயம் நியாயமானது. அதற்குக் கண்டுபிடித்த வைத்தியம்தான் தப்பு. மார்க் நிக்டர், மிமி நிக்டர் என்ற மானுடவியலாளர் தம்பதி கர்நாடகத்தின் தென் கன்னடப் பகுதியில் பெண்களிடம் பேசி 1983-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சாப்பாடும் குழந்தையும் வயிற்றுக்குள் ஒரே இடத்தைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன, நிறையச் சாப்பிட்டால் குழந்தைக்கு இடம் இருக்காது என்ற எண்ணம் அதில் பதிவாகியிருக்கிறது. நம் பக்கத்துப் பாட்டிகளும் இதைச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இரைப்பை வேறு, கருப்பை வேறு என்பது பள்ளிப் பாடம், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். ஆனால் கடைசி மாதங்களில் கருப்பை மேலேறி இரைப்பையை நெருக்குவதால் நாலு கவளத்திலேயே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும் என்பது நிஜம்தான். அதற்கு வழி, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை சாப்பிடுவது.

குழந்தை 28-ஆவது வாரத்தில் ஏறத்தாழ 1 கிலோ இருக்கும். 40-ஆவது வாரத்தில் 3 கிலோ. ஆக, மூன்றில் இரண்டு பங்கு எடை கடைசி 12 வாரத்தில்தான் ஏறுகிறது. சோற்றைக் குறைக்கும் வழக்கம் எந்த நேரத்தில் வரவே கூடாதோ, மிகச் சரியாக அந்த நேரத்தில் வந்து நிற்கிறது. 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தால் எடை குறைந்த குழந்தை என்பது உலக சுகாதார நிறுவனம் போட்ட கோடு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் எடை பதிவான குழந்தைகளில் 18 சதவீதம் அந்தக் கோட்டுக்குக் கீழே பிறந்தவை.

சரி, தாய் குறைத்துச் சாப்பிட்டால் உள்ளே என்ன நடக்கிறது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு வருகிறது. கருப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டு தாயிடமிருந்து குழந்தைக்குச் சத்தைக் கடத்தும் நஞ்சுக்கொடி.

பிரசவ நேரத்தில் சுமார் அரை கிலோ எடை, ஒரு சாண் அகலம். பிரசவம் முடிந்ததும் தூக்கி எறிந்துவிடுகிறோம். ஆனால் அதற்குள் கிளை கிளையாகப் பிரியும் விரல் போன்ற நீட்சிகளை எல்லாம் பிரித்துப் பரப்பினால் பத்துச் சதுர மீட்டருக்கு மேல் வரும். ஒரு சின்ன அறையின் தரை அளவு. இந்த நீட்சிகளைச் சுற்றித் தாயின் ரத்தம் ஓடுகிறது, உள்ளே குழந்தையின் ரத்தம் ஓடுகிறது, இரண்டும் கலப்பதே இல்லை. நடுவில் இருக்கும் உறைதான் அதிசயம். லட்சக்கணக்கான செல்கள் ஒன்றோடொன்று இணைந்து, இடையில் சுவரே இல்லாத ஒற்றைப் படலமாக ஆகியிருக்கின்றன. செல்களை இப்படி இணைக்கும் புரதத்தின் பெயர் சின்சிடின். அதற்கான மரபணு நம்முடையது இல்லை, பல லட்சம் தலைமுறைகளுக்கு முன்னால் நம் மூதாதைக் குரங்கினங்களின் மரபணுத் தொகுப்புக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்ட ஒரு வைரஸுடையது. வைரஸ் தன் உறையைச் செல்லோடு ஒட்டவைக்கப் பயன்படுத்திய அதே கருவியை வைத்துத்தான் நாம் ஒவ்வொருவரும் கருவில் சாப்பிட்டிருக்கிறோம். 2000-ஆம் ஆண்டில் இதைக் கண்டுபிடித்தார்கள். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

இந்தப் படலம் வெறும் வடிகட்டி கிடையாது. சர்க்கரை தாயின் ரத்தத்தில் அதிகமாகவும் குழந்தையின் ரத்தத்தில் குறைவாகவும் இருப்பதால் அது சரிவில் இறங்கிப் போய்விடும், கடத்தும் புரதங்கள் வழிவிட்டால் போதும். அமினோ அமிலங்களின் கதை வேறு. அவை குழந்தையின் ரத்தத்தில்தான் அதிகம், அதனால் நஞ்சுக்கொடி ஆற்றலைச் செலவழித்து அவற்றைப் பம்ப் செய்ய வேண்டும். எவ்வளவு பம்ப் செய்வது என்று அது கண்மூடித்தனமாக முடிவெடுப்பதில்லை. எம்-டார் என்ற புரதம் தாயின் ரத்தத்தில் இன்சுலின் எவ்வளவு, அமினோ அமிலம் எவ்வளவு, ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. வரத்து குறைந்தால் பம்புகளின் வேகத்தை இறக்கிவிடுகிறது. புரதம் குறைந்த தீனி கொடுத்த எலிகளில், குட்டிகள் இளைப்பதற்கு முன்பே இந்தப் பம்புகள் தளர்ந்திருந்தன. அதாவது குழந்தை வாடிப்போவதைப் பார்த்து நஞ்சுக்கொடி குறைக்கவில்லை, தாயின் தட்டைப் பார்த்தே முன்கூட்டிக் குறைக்கிறது. தாயின் உடம்பில் இருப்பதை எல்லாம் குழந்தை எப்படியும் உறிஞ்சிக்கொள்ளும், அவள் சாப்பிட்டால் என்ன சாப்பிடாவிட்டால் என்ன என்று சொல்பவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கலாம்.

இனி மாமியாரின் கணக்குக்கு வருவோம். பிரசவ வழியில் எது பெரிய தடை? தலை. வயிறு அமுங்கும், கை கால் மடங்கும், மண்டை ஓடு மட்டும்தான் ஓரளவுக்கு மேல் வளைந்து கொடுக்காது. எனவே குறைத்துச் சாப்பிடும் உத்தி பலிக்க வேண்டுமானால் சிறுக்க வேண்டியது தலைதான். கடைசி மாதங்களின் பட்டினியில் கடைசியாகச் சிறுப்பதும் அதே தலைதான்.

வரும்படி பாதியான வீட்டில் முதலில் துணிமணி நிற்கும், பிறகு பால் குறையும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தில் மட்டும் கடைசி வரை கை வைக்க மாட்டார்கள். கருவும் அப்படித்தான் செலவு செய்கிறது. தொப்புள்கொடி வழியாக வரும் சத்தான ரத்தம் பெரும்பாலும் கல்லீரலுக்குள் போய்த்தான் மேலே செல்லும். ஒரு பகுதி மட்டும் டக்டஸ் வெனோசஸ் என்ற சிறு குழாய் வழியாகக் கல்லீரலைத் தொடாமல் நேரே இதயத்துக்குப் போய், அங்கிருந்து மூளைக்கு ஏறும். வரத்து குறைந்தால் இந்தக் குழாய் வழியாகப் போகும் பங்கு கூடுகிறது, மூளையின் தமனிகள் விரிகின்றன, குடல், தசை, சிறுநீரகம் பக்கம் போகும் தமனிகள் சுருங்குகின்றன. டாப்ளர் ஸ்கேனில் மருத்துவர் குழந்தையின் மூளைத் தமனியில் ரத்த ஓட்டத்தை அளப்பது இதைப் பார்க்கத்தான். ஸ்கேன் ரிப்போர்ட்டில் தலைச் சுற்றளவையும் வயிற்றுச் சுற்றளவையும் தனித்தனியாகக் குறிப்பதற்கும் இது ஒரு காரணம். தலை வாரத்துக்கு ஏற்றபடி இருந்து வயிறு மட்டும் பின்தங்கினால், கல்லீரலில் சேமிப்பு ஏறவில்லை என்று அர்த்தம். அந்தச் சேமிப்பு இல்லாமல் பிறக்கும் குழந்தைக்கு முதல் நாளிலேயே சர்க்கரை இறங்கும், உடம்பு குளிர்ந்துபோகும். சிறுநீரகத்தின் வடிகட்டிகள் வேறு ஏறத்தாழ 36-ஆவது வாரம் வரைதான் புதிதாக உருவாகும். அப்போது குறைந்தது குறைந்ததுதான், வெளியே வந்த பிறகு எவ்வளவு ஊட்டினாலும் எண்ணிக்கை கூடாது. கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்தே பட்டினி என்றால் தலையும் சேர்ந்து சிறுக்கும், ஆனால் அதை எந்த மாமியாரும் விரும்ப மாட்டார்.

இதற்கு மனிதர்களில் சான்று உண்டா? உண்டு, அதுவும் இரண்டு பக்கமிருந்தும். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த மேற்கு நெதர்லாந்தில் ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே ரேஷன் இறங்கியது. கடைசி மூன்று மாதங்கள் அந்தப் பட்டினியில் மாட்டிக்கொண்ட தாய்மாரின் குழந்தைகள் ஏறத்தாழ 300 கிராம் குறைவாகப் பிறந்தன. மறுபக்கம், மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் கர்ப்பிணிகளுக்கு இருபதாவது வாரத்திலிருந்து தினமும் ஆயிரம் கலோரி தரும் நிலக்கடலை பிஸ்கட் கொடுத்துப் பார்த்து, 1997-இல் முடிவை வெளியிட்டார்கள். பிறப்பு எடை சராசரியாக 136 கிராம் கூடியது, உணவுப் பஞ்சம் நிலவும் மாதங்களில் 201 கிராம். இறந்து பிறப்பதும் முதல் வாரச் சாவும் கிட்டத்தட்டப் பாதியானது. தலைச் சுற்றளவு எவ்வளவு கூடியது தெரியுமா? 3.1 மில்லிமீட்டர். சுற்றளவை 3.14-ஆல் வகுத்துப் பாருங்கள், விட்டத்தில் 1 மில்லிமீட்டர் வருகிறது. அத்தனை சோறு போட்டும் பிரசவ வழியில் கூடிய நெருக்கடி அவ்வளவுதான்.

எல்லாக் குழந்தையும் சின்னதுதான், யாரும் பெருப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. கர்ப்பகாலச் சர்க்கரை உள்ள தாயின் ரத்தத்திலிருந்து சர்க்கரை தாராளமாக இறங்கும், குழந்தையின் கணையம் இன்சுலினைக் கொட்டும், தோளும் வயிறும் கொழுக்கும். நான்கு கிலோவைத் தாண்டும் குழந்தைகளில் நிஜமாகவே தோள் சிக்கலாம். அதற்குச் சர்க்கரைப் பரிசோதனை இருக்கிறது, மருத்துவர் சொல்லும் உணவு முறை இருக்கிறது. பொத்தாம்பொதுவாக ராத்திரிச் சோற்றை வெட்டுவது அதற்கும் மருந்தாகாது. 'ரெண்டு உயிருக்குச் சாப்பிடு' என்று தட்டை நிரப்புவதும் தேவையில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கர்ப்பிணிக்குக் கூடுதலாகச் சொல்வது நாளைக்கு 350 கலோரிதான், கிட்டத்தட்ட நாலு இட்லியும் ஒரு கிண்ணம் சாம்பாரும். புரதம்தான் கடைசி மூன்று மாதங்களில் நன்றாகக் கூட வேண்டும், தினமும் 22 கிராம் அதிகமாக.

அளவைப் போலவே முக்கியம், என்ன சாப்பிடக் கூடாது என்ற பட்டியல். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் எதையெல்லாம் தவிர்க்கிறார்கள் என்று ஃபெரோ-லுஸ்ஸி என்ற ஆய்வாளர் 1973-இலேயே எழுதியிருக்கிறார். பப்பாளி, அன்னாசி, எள் என்று அன்று இருந்த பயம் இன்றும் இருக்கிறது. பப்பாளியில் பாதி உண்மை உண்டு. காயின் பால் எலியின் கருப்பைத் தசையைச் சுருங்க வைக்கிறது, நன்றாகக் கனிந்த பழத்தின் சாறு அப்படிச் செய்யவில்லை. அதனால் காயை விடுங்கள், பழத்தைப் பற்றிப் பதற வேண்டாம். ஒரே ஒரு பழத்தை விலக்குவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பப்பாளி சூடு, கீரை செரிக்காது, வாழைப்பழம் சளி, தயிர் குளிர்ச்சி, மீன் ஆகாது என்று ஒவ்வொருவரும் ஒன்றைக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் தட்டில் சோறும் ரசமும் மட்டும் மிஞ்சும். சேதம் அங்கேதான்.

புனே பக்கத்து ஆறு கிராமங்களில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் 1993-இல் தொடங்கிய ஆய்வு இதைத்தான் காட்டியது. அங்கே குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை ஏறத்தாழ 2.7 கிலோ. தாய் மொத்தம் எத்தனை கலோரி சாப்பிட்டாள் என்பதைவிட, கீரை, பால், பழம் எவ்வளவு அடிக்கடி சாப்பிட்டாள் என்பதோடுதான் குழந்தையின் அளவு ஒத்துப்போனது. இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது நம் குழந்தைகளிடம் மிக அதிகமாகக் குறைந்திருந்தது வயிற்றுச் சுற்றளவு, மிகக் குறைவாகக் குறைந்திருந்தது தோலடிக் கொழுப்பு. ஒல்லியான, ஆனால் கொழுப்புள்ள குழந்தை. பின்னாளில் நாற்பது வயதிலேயே நமக்குச் சர்க்கரை வருவதன் ஒரு வேர் இங்கே இருக்கிறது என்பது யாஜ்னிக்கின் வாதம்.

குங்குமப்பூவையும் சொல்லிவிடுகிறேன். தோலின் நிறத்தை மெலனினும் அதற்கான மரபணுக்களும் தீர்மானிக்கின்றன, குங்குமப்பூ அங்கே போய் எதையும் மாற்ற முடியாது. ஆனால் அதைக் கலக்கிக் கொடுக்கும் பால் இருக்கிறதே, அது குழந்தைக்கு நிஜமாகவே வேண்டியது. குங்குமப்பூவின் காசுக்கும் சேர்த்துப் பாலாகவே வாங்கிவிடுங்கள் என்பேன். வளைகாப்பில் ஐந்தாறு வகைக் கலந்த சாதம் ஊட்டுவதும் எனக்குப் பிடித்த வழக்கம். எடை ஏறும் காலம் தொடங்கும் ஏழாம் மாதத்தில் எல்லோருமாகச் சேர்ந்து ஒருத்தியைச் சாப்பிட வைக்கிறார்கள். அதே வீட்டில் அடுத்த மாதம் சோற்றைக் குறைக்கச் சொல்வதுதான் விளங்கவில்லை.

ஒரு வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். புனே ஆய்வுக்குப் பெரும்பணம் கொடுத்தது லண்டனில் இருக்கும் வெல்கம் அறக்கட்டளை. நம் தாய்மார் தட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வெளிநாட்டுப் பணம் தேவைப்பட்டிருக்கிறது. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் உலகையே காப்பாற்றும் என்று மேடையில் பேசுபவர்களுக்குக் குறைவில்லை. அதைச் சில ஆயிரம் கர்ப்பிணிகளிடம் ஒழுங்காகச் சோதிக்கப் பணம் கேட்டால் அவர்களைக் காணோம்.

அப்படிச் சோதித்த ஒன்று மும்பையில் நடந்தது. குடிசைப் பகுதிகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களில் ஒரு பாதிக்குக் கீரை, பழம், பால் சேர்த்த சிற்றுண்டியும் மறுபாதிக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவற்றில் செய்ததும் தினமும் கொடுத்தார்கள், அதுவும் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே. முடிவு 2014-இல் வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பிறப்பு எடையில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. கருத்தரிப்பதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே சாப்பிடத் தொடங்கியவர்களின் குழந்தைகள் மட்டும் சராசரியாக 48 கிராம் கூடுதலாகப் பிறந்தன. நஞ்சுக்கொடி முதல் சில வாரங்களிலேயே தன் கிளைகளை விரிக்கத் தொடங்கிவிடுகிறது என்பதை நினைத்தால் இதில் ஆச்சரியம் இல்லை. கல்யாணமாகி வந்த மருமகள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிடுவது நம் வீடுகளில் இன்னும் வழக்கமாக இருக்கிறது, அவள் தட்டை யாரும் எட்டிப் பார்ப்பது ஏழாம் மாதத்தில்தான்.