சென்சஸ்: வார்டில் அதற்குப் பெயர் ‘இருப்பு’

நள்ளிரவில் சிஸ்டர் கட்டில் கட்டிலாக எண்ணிவிட்டு, “இருபத்திநாலு பேரு இருக்காவ” என்று ரிஜிஸ்டரில் எழுதுவார். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியோ, அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியோ, அந்த எண்ணிக்கைக்குப் பெயர் சென்சஸ்.

மதிப்பிடுதல் என்று பொருள்படும் லத்தீன் வினையில் பிறந்த சொல் இது. பழைய ரோமில் குடிமக்களையும் அவர்கள் சொத்தையும் பதிந்த கணக்குக்கு இந்தப் பெயர். அகராதி தரும் ‘மக்கள்தொகைக் கணக்கெடுப்பு’ வார்டுக்கு ஒட்டாது. கடைக் கணக்கில் எழுதுகிறோமே, ‘இருப்பு’, அதுதான் பொருத்தம். சிஸ்டர் சொன்ன ‘இருக்காவ’விலேயே அந்த வேர் கிடக்கிறது. நேற்றைய இருப்போடு இன்று சேர்ந்தவர்களைக் கூட்டி, வீட்டுக்குப் போனவர்கள், வேறிடம் அனுப்பப்பட்டவர்கள், இறந்தவர்களைக் கழித்தால் இன்றைய இருப்பு. டவுன் மண்டிக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒவ்வொரு நள்ளிரவு இருப்பையும் கூட்டினால் வருவது ‘படுக்கை நாள்’. காலையில் சேர்ந்து சாயங்காலமே போனவர் எந்த இருப்பிலும் அகப்பட மாட்டார். அவருக்குத் தனியாக ஒரு நாள் சேர்த்துக்கொள்வார்கள்.

ஒரு பேச்சுக்கு, 30 கட்டில், 30 நாள்: மொத்தம் 900. இருப்புகளின் கூட்டல் 720 என்றால் 80 சதவீதம் நிரம்பிய வார்டு. அந்த மாதம் இறந்தவர் உட்பட 120 பேர் வெளியேறினார்கள் என்றால், 720ஐ 120ஆல் வகுக்க, சராசரித் தங்கல் 6 நாள். அவர்களில் 6 பேர் இறந்திருந்தால் இறப்பு வீதம் 5 சதவீதம். சேர்ந்து 48 மணி நேரத்துக்குள் இறந்த 2 பேரை மேலும் கீழும் நீக்கினால் 118க்கு 4, அதாவது சுமார் 3.4. இதை ‘நிகர இறப்பு வீதம்’ எனலாம். கடைசி மூச்சில் ஆம்புலன்ஸில் வந்தவரை வார்டின் தலையில் கட்டாதிருக்கவே இந்தக் கழித்தல்.

இறப்பை எதால் வகுப்பது என்பதில் பெரிய கைகளே சறுக்கியிருக்கின்றன. ஆஸ்பத்திரிப் புள்ளிவிவரத்துக்கு ஒரே படிவம் வேண்டுமென்று 1860இல் லண்டன் மாநாட்டில் யோசனை வைத்தவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். 1863இல் அவர் அச்சிட்ட பட்டியலில் லண்டனின் 24 ஆஸ்பத்திரிகளுக்கு இறப்பு 90.84 சதவீதம்! டாக்டர்கள் கொதித்தார்கள். 1861ஆம் ஆண்டு முழுக்க இறந்தவர்களை ஏப்ரல் 8ஆம் தேதி இருப்பால் வகுத்திருந்தார்கள். அது நாட்டு சென்சஸ் எடுத்த நாள். மற்ற நாட்களில் வந்து, குணமாகி, வீட்டுக்கு நடந்துபோனவர்கள் அந்தக் கணக்கில் வரவேயில்லை.