சான்றிதழில் இந்து, பதிவேட்டில் ஞானஸ்நானம்

ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். அந்த நேரத்தில், பட்டியல் சாதிச் சான்றிதழில் வேலைக்குச் சேர்ந்த ஒருவருக்கு, 'நீங்கள் கிறிஸ்தவர்தானே' என்று சாதிச் சான்றிதழ் விசாரணை நோட்டீஸ் வந்திருக்கிறது. என் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்னது இதுதான்: "சார், நான் கெசட்டில் மதம் மாறவே இல்லையே." இந்த வருடத்தில் இதைச் சொன்ன நான்காவது ஆள் இவர்.

கெசட்டில் வருவது அறிவிப்பு மட்டும். மதமாற்றம் அங்கே நடப்பதில்லை. ஞானஸ்நானம் எடுத்து, ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போய், பிள்ளைகளுக்கும் அங்கேயே திருமணம் செய்தவர், பள்ளிச் சான்றிதழில் 'இந்து' என்று இருப்பதாலேயே சட்டத்தின் முன் இந்துவாகிவிட மாட்டார். நீதிமன்றம் பார்ப்பது நீங்கள் வாழ்ந்த வாழ்க்கையை. புதுச்சேரியில் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட பெண்ணின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றும் சொன்னது.

எல்லாம் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையில் தொடங்குகிறது. பட்டியல் சாதி என்றால் இந்துவாக இருக்க வேண்டும். 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியிலேயே நிற்கிறார்கள். சென்னையில் தெருவோரம் செருப்பு தைத்த கிறிஸ்தவ ஆதிதிராவிடர் ஒருவருக்கு அரசின் இலவச பங்க் கடை மறுக்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போய் 1985இல் தோற்றார். சூசை வழக்கு என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். (பழங்குடியினருக்கு இந்த மதத் தடை கிடையாது. பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.)

எனக்கும் இது நியாயமாகப் படவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் எழுப்பியவர்கள் யாரும் ஞானஸ்நானத்தில் சாதி கரைந்துவிட்டதாக நம்பியவர்கள் இல்லை. ஆணையைத் திருத்தக் கோரி 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானமும் போட்டது. ஆனால் தீர்மானத்தைக் காட்டி வேலையைக் காப்பாற்ற முடியாது. பொய்ச் சான்றிதழ் என்று முடிவானால், எத்தனை வருட சர்வீஸ் என்பதெல்லாம் எடுபடாது.

இதற்கு நேரெதிரான பயமும் உண்டு. மேரி, ஜான் என்று பெயர் வைத்தாலே சான்றிதழ் போய்விடும் என்று நடுங்குகிறவர்கள். போகாது. ராமநாதபுரத்தில் கிறிஸ்தவரை மணந்த ஒரு பெண் மருத்துவரின் சான்றிதழை, கிளினிக்கில் சிலுவை இருந்தது என்று ரத்து செய்தார்கள். 2021இல் உயர் நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது.

பெற்றோர்களே, தயவுசெய்து பிள்ளைக்கு இருக்கிறதை இருக்கிறபடி எழுதுங்கள். பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகையும் அவர்களுக்கு உண்டு. அதைக் கேட்டு வாங்காமல் பொய்க்கு ஏன் போகிறீர்கள்?

தாய்மதம் திரும்பியவர்கள் சடங்குச் சீட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்காதீர்கள். பூர்வ சாதிக்கும், சமூகத்தார் உங்களை ஏற்றுக்கொண்டதற்கும் 2015ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி ஆதாரம் கேட்கிறார்கள்.

நோட்டீஸ் வந்துவிட்டதா? சரி, குறித்த தேதிக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். தாசில்தார் ஆபீசில் போய்த் தெரிந்தவரைப் பிடிக்காதீர்கள். ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல் பெரும்பாலும் உங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.