கேள்வி கேட்டுவிட்டு டாக்டர் எத்தனை நொடி காத்திருந்தார்?

மருத்துவ மாணவர்களோடு நோயாளிகளைப் பார்த்துவரும் வார்டு ரவுண்ட்ஸில் மூத்த மருத்துவர் கேட்கிறார்: "இவருக்குக் கால் ஏன் வீங்கியிருக்கு?" மாணவர் யோசிக்கத் தொடங்குவதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிடுகிறார். ஆனால் மாணவரை யோசிக்க வைத்ததாகத்தான் அவர் மனதார நம்புவார்.

இது டாக்டர்களிடம் மட்டும் உள்ள பழக்கமில்லை. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் பள்ளி வகுப்பறைகளில் இதை அளந்தார். கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக 1 நொடிதான். அதை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் விரிந்தன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

சரி, தன் பழக்கம் தனக்கே தெரியாவிட்டால் எப்படித் திருத்துவது? சக மருத்துவர் ஒருவர் கூட நின்று பார்ப்பதுதான் வழி. பள்ளி ஆசிரியர்களுக்காக புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களில் வலியுறுத்திய முறை இது. பயிலரங்கில் கேட்டது வகுப்பறைவரை வந்து சேர, கூடவே ஒரு துணை வேண்டும் என்றார்கள். பிறகு மருத்துவக் கல்வியும் இதை எடுத்துக்கொண்டது.

ரவுண்ட்ஸுக்கு முன் இருவரும் சிறிது நேரம் பேசுகிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்வது பாடம் நடத்தப்போகிறவர்தான். இந்த ஒரு விஷயம்தான் இதை மதிப்பீடாக மாறவிடாமல் காக்கிறது. வந்தவர் ஓரமாக நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் மட்டும் எழுதுகிறார். "நன்றாக நடத்தினார்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "கேட்டது 7 கேள்வி, 5க்கு நீங்களே பதில் சொன்னீர்கள், பின்னால் நின்ற இருவரிடம் ஒன்றுமே கேட்கவில்லை" என்றால் அதில் பிடித்துக்கொள்ள ஏதோ இருக்கிறது. அப்புறம் தனியாக உட்கார்ந்து, "உங்களுக்கு எப்படிப் பட்டது?" என்று முதலில் கேட்கிறார். குறிப்பை வாசிப்பது அதற்குப் பிறகுதான். அடுத்த முறை மாற்றிப்பார்க்க ஒரே ஒரு விஷயம் போதும்.

அடுத்த வாரம் இடம் மாறும், பார்த்தவர் பாடம் நடத்துவார். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான். நாளை தன்னையும் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்தவரின் பேச்சில் தானாகவே ஒரு கனிவு வந்துவிடுகிறது. மற்றவர் பாடம் நடத்துவதைப் பார்த்துத் தானும் இரண்டு உத்தி கற்றுக்கொள்கிறார்.

அனுபவசாலிக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். பாஸ்டன் அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே, பல ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும், ஓய்வுபெற்ற மூத்த மருத்துவர் ராபர்ட் ஆஸ்டீனைத் தன் அறுவை அரங்குக்கு அழைத்தார். விளக்கு வெளிச்சம் அறுவை செய்யும் இடத்தைவிட்டு விலகியிருந்ததை ஆஸ்டீன்தான் எடுத்துச் சொன்னார். கவாண்டே 2011இல் இதை வெளிப்படையாக எழுதினார்.

எழுதிய குறிப்பு அந்த இருவரைத் தாண்டிப் போகக் கூடாது. துறைத் தலைவரின் மேசைக்கோ பதவி உயர்வுக் கோப்புக்கோ அது போகும் என்று தெரிந்தால், தடுமாறும் வகுப்புக்கு யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள்.