துணையலகை நீக்கும்போது கூடவே போய்விடுவது

பிளஸ் டூ விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு விடை. கேள்வியில் எக்ஸ் = சைன்² டி, ஒய் = காஸ்² டி என்று கொடுத்து, எக்ஸ், ஒய் இரண்டையும் தீர்மானிக்கிற டி-யை, அதாவது துணையலகை (பாராமீட்டர்), நீக்கி இது என்ன வளைவரை என்று கேட்டிருக்கும்; மாணவர் இரண்டையும் கூட்டி எக்ஸ் + ஒய் = 1 என்று எழுதி, ‘இது ஒரு நேர்கோடு’ என்று முடித்து அடியில் கோடும் போட்டிருப்பார். கூட்டியது சரி, சைன்² + காஸ்² = 1 என்ற முற்றொருமை சரி, முடிவு தப்பு. சைன் வர்க்கம் 0-க்குக் கீழே இறங்காது, 1-ஐத் தாண்டவும் தாண்டாது, அதனால் அந்தப் புள்ளி (0, 1)-க்கும் (1, 0)-க்கும் இடையே உள்ள சின்னக் கோட்டுத்துண்டில் மட்டும் போவதும் வருவதுமாக இருக்கும். (5, −4) சமன்பாட்டில் பொருந்தும், ஆனால் டி-க்கு எந்த மதிப்பு கொடுத்தாலும் அந்த இடம் கிடைக்காது.

இதைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். இயற்பியலில் எறியப்பட்ட பந்துக்கு எக்ஸ் = 20டி, ஒய் = 20டி − 5டி² என்று எழுதுகிறோம். டி-யை நீக்கினால் ஒய் = எக்ஸ் − எக்ஸ்²/80. அழகான பரவளையம்தான், ஆனால் எக்ஸ் 100 என்று போட்டால் ஒய் −25 வரும், அதாவது பந்து தரைக்குள் 25 மீட்டர் இறங்கிவிட்டது! 0-இலிருந்து 80 வரை என்ற வரம்பையும் சேர்த்து எழுதினால்தான் அது பந்தின் பாதை. பந்து 40 மீட்டர் தாண்டியது 2-வது வினாடியில் என்ற தகவலும் டி-யோடு போய்விடுகிறது, அது வேண்டுமென்றால் பழைய சமன்பாட்டுக்குத்தான் திரும்ப வேண்டும்.

சில சமயம் ஒரே ஒரு புள்ளி மட்டும் விட்டுப்போகும். எக்ஸ் = (1 − டி²)/(1 + டி²), ஒய் = 2டி/(1 + டி²) என்பதை வர்க்கப்படுத்திக் கூட்டினால் எக்ஸ்² + ஒய்² = 1, முழு வட்டம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் எக்ஸ் −1 ஆக வேண்டுமென்றால் 1 − டி² = −1 − டி² ஆக வேண்டும், அது நடக்காது; ஆக (−1, 0) வட்டத்தில் இருந்தாலும், டி-க்கு எந்த மதிப்பு கொடுத்தாலும் அந்தப் புள்ளி கிடைக்காது.

அதனால் என் மாணவர்களிடம் சொல்வது இதுதான்: நீக்குவதற்கு முன்னாடியே எக்ஸ் எதிலிருந்து எது வரை, ஒய் எதிலிருந்து எது வரை என்று ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் நீக்குங்கள். எக்ஸ் = e-இன் அடுக்கு டி (e என்பது சுமார் 2.718 என்ற மாறிலி) என்று கண்ணில் பட்டதும் ‘எக்ஸ் > 0’ என்று கை தானாக எழுத வேண்டும்.

இன்னொன்று, நீக்கியே ஆக வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. உருளும் சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் புள்ளி வரைகிற சைக்ளாய்டை எடுத்துக்கொள்ளுங்கள்: எக்ஸ் = டி − சைன் டி, ஒய் = 1 − காஸ் டி. இதில் டி-யை நீக்கப் போனால் நேர்மாறு கொசைன், வர்க்கமூலம் என்று பக்கம் நிறைந்துவிடும். சாய்வுதான் வேண்டுமென்றால் இரண்டையும் டி-யைப் பொறுத்து வகையிட்டு வகுத்தால் போதும், சைன் டி/(1 − காஸ் டி) என்று ஒரே வரியில் வந்துவிடும். புள்ளி தரையைத் தொடும் இடங்களில் பின்னத்தின் பகுதி 0 ஆகிவிடுவதால் அவற்றை மட்டும் தனியாகப் பாருங்கள்.