பிரசங்கம்: சொல்லும் சொல்லுமிடமும்

'பிரசங்கம்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு வாழ்க்கை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில் ஆயர் பீடத்தில் நின்று பேசுவது பிரசங்கம். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த சிறுவன், பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவே புகுந்து தன் கருத்தைச் சொன்னால் அவன் அதிகப்பிரசங்கி. முன்னதற்குச் சபை அமைதியாக உட்கார்ந்து செவிகொடுக்கிறது. பின்னதற்குத் தலையில் குட்டு விழுகிறது. முன்பின் அறியாத ஒருவரிடம் தன் சமய நம்பிக்கையைச் சொல்வதற்கான நாகரிகம் இந்த இரண்டு வழக்குகளுக்கும் இடையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆகவே சொல்லின் வேரிலிருந்து தொடங்குகிறேன்.

வடமொழியில் 'ப்ரஸங்க' என்பது 'ப்ர' என்னும் முன்னொட்டும் 'ஸஞ்ஜ்' என்னும் வினைவேரும் சேர்ந்து பிறந்தது. 'ஸஞ்ஜ்' என்றால் ஒட்டிக்கொள்ளுதல், பற்றுதல். நல்லோரை ஒட்டி வாழ்வதைச் 'சத்சங்கம்' என்று சொல்லும்போது வருவதும் இந்த வேர்தான். பௌத்தத் துறவியர் கூட்டத்தைக் குறிக்கும் 'சங்கம்' தமிழ் எழுத்தில் இதைப் போலவே தோன்றினாலும் அது வேறு வேரிலிருந்து வந்தது. எனவே பிரசங்கம் என்பதைச் 'சங்கத்தில் பேசுவது' என்று பிரித்துப் பொருள் சொல்வது கேட்க நன்றாக இருந்தாலும் பிழையே. ஒன்றோடு ஒன்று ஒட்டி வருவது என்ற முதற்பொருளிலிருந்து தொடர்பு என்ற பொருளும், அத்தொடர்பு நேரும் சந்தர்ப்பம் என்ற பொருளும், அச்சந்தர்ப்பத்தை ஒட்டி எழும் பேச்சு என்ற பொருளும் அடுத்தடுத்துக் கிளைத்தன. பேச்சு என்பது இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்த பொருள். சந்தர்ப்பம் அதற்கு மூத்தது.

அண்டை மொழிகளைப் பார்த்தால் இது தெளிவாகும். இந்தியில் 'பிரசங்க்' என்றால் இன்றும் சூழல், நிகழ்ச்சி என்றே பொருள். கன்னடத்தில் யட்சகான ஆட்டத்துக்கு எடுத்துக்கொள்ளும் கதைப்பகுதிக்குப் 'பிரசங்க' என்று பெயர். தமிழ், தெலுங்கு, மலையாளம் போன்ற மொழிகளில் இது மேடைப்பேச்சாக நிலைத்தது. தருக்க நூல்களில் இதற்கு இன்னொரு பணியும் உண்டு: ஒருவர் சொன்ன கூற்றை அப்படியே ஏற்று நடத்திச் சென்று, அவரே ஒப்ப முடியாத முடிவில் கொண்டு நிறுத்துவதற்குப் பிரசங்கம் என்று பெயர். பௌத்தத்தில் 'பிராசங்கிகர்' என்ற பிரிவினர் பெயர் பெற்றது இதனால்தான். ஒரு விதி தனக்குரிய எல்லையைத் தாண்டி வேண்டாத இடத்திலும் போய் ஒட்டிக்கொள்வதை அதே நூல்கள் 'அதிபிரசங்கம்' என்று குறை கூறின. நம் வீட்டுப் பேச்சில் வழங்கும் அதிகப்பிரசங்கத்துக்கும் இதே குணம்தான். சொன்ன கருத்து தவறு என்பதற்காக ஒருவரை அதிகப்பிரசங்கி என்று நாம் திட்டுவதில்லை. கருத்து சரியாகவே இருக்கலாம். கேட்காத இடத்தில், தொடர்பில்லாத நேரத்தில், தனக்குரிய அளவை மீறி அதைச் சொன்னான் என்பதே குற்றம்.

தமிழில் இச்சொல் சமயப் பேச்சுக்கு உரியதாக வேரூன்றியதில் கிறித்தவ சபைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. பிரசங்க பீடம், வீதிப் பிரசங்கம், மலைப்பிரசங்கம் எனத் தொடர்கள் பெருகின. பழைய ஏற்பாட்டில் ஒரு நூலுக்கே 'பிரசங்கி' என்று பெயர் அமைந்தது. அந்த நூலின் மூன்றாம் அதிகாரத்தில்தான் 'மவுனமாயிருக்க ஒரு காலமுண்டு, பேச ஒரு காலமுண்டு' என்ற வரி வருகிறது. பிரசங்கி என்று பெயர் பெற்ற நூல் மௌனத்தை முதலில் வைத்திருப்பதை நான் பலமுறை வியந்ததுண்டு. எனினும் இச்சொல் கிறித்தவர்களுக்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் வெசுலியன் பாதிரியார் பீட்டர் பெர்சிவலின் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, விவிலியத் தமிழாக்கத்தில் அவருக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதல் சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். எதிர்த்தரப்பின் பேச்சுமுறையை அருகிலிருந்து கற்று, அதே முறையில் தம் சமயத்தாரிடம் பேசினார். அவர் பேசியது கோயிலில், தம் சமயத்தாரிடம், அவர்கள் கேட்க வந்து அமர்ந்த நேரத்தில் என்பதையும் சேர்த்தே கருத வேண்டும்.

இனி, இதற்குரிய தமிழ்ச் சொல் எது என்ற கேள்வி. பலரும் உடனே எடுத்து வைப்பது 'சொற்பொழிவு'. பொழிதல் என்பது மழையின் தொழில். மேடையில் ஒருவர் நின்று, கீழே பலர் அமர்ந்து, சொல் மழையாக இறங்கும் காட்சிக்கு இது மிகப் பொருத்தமான ஆக்கம். கத்தோலிக்கத் திருச்சபை திருப்பலியின் நடுவே குரு ஆற்றும் உரையை 'மறையுரை' என்கிறது. 'அருளுரை' என்பதும் வழக்கில் உள்ளது. பொது மொழிபெயர்ப்பாக வந்த திருவிவிலியம் மலைப்பிரசங்கத்தை 'மலைப்பொழிவு' என்றும், பிரசங்கி என்ற நூற்பெயரைச் 'சபை உரையாளர்' என்றும் மாற்றியது. இவற்றுள் மலைப்பொழிவு அழகிய சொல். சபை உரையாளர் சரியான சொல், ஆனால் அலுவலகப் பதவிப் பெயர் போல ஒலிக்கிறது. எப்படியானாலும் இந்தச் சொற்கள் யாவும் பலர் கூடியிருக்கும் இடத்தை முன்வைத்துப் பிறந்தவை. பேருந்து நிலையத்தில் பக்கத்தில் நிற்கும் ஒரே ஒருவரிடம் பேசுவதற்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. ஓர் ஆளின் மேல் மழை பொழிந்தால் அவர் நனைவார், அவ்வளவுதான்.

மேற்கத்திய சொற்களின் வரலாறு இங்கே உதவுகிறது. ஆங்கிலத்தில் பிரசங்கத்தைக் குறிக்கும் 'செர்மன்' இலத்தீனின் 'செர்மோ'விலிருந்து வந்தது. அதன் பொருள் பேச்சு, உரையாட்டு. மறையுரைக்கு அவர்கள் வழங்கும் 'ஹோமிலி' கிரேக்கத்தின் 'ஹோமிலியா'. அதற்கும் கூடிப் பழகுதல், கலந்து பேசுதல் என்பதே பொருள். இதன் வினைவடிவம் லூக்கா எழுதிய நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் வருகிறது. எருசலேமிலிருந்து எம்மாவு என்னும் ஊருக்கு இருவர் நடந்தபடியே தங்களுக்குள் பேசிக்கொண்டு போகிறார்கள். அந்தப் பேச்சுக்குத்தான் அங்கே இச்சொல். மூன்றாவதாக ஒருவர் வந்து அவர்களோடு நடக்கிறார். அவர் இயேசு என்பது வாசிப்பவருக்குத் தெரியும். அவ்விருவருக்கும் அவர் வழிப்போக்கர். வந்தவர் எடுத்த எடுப்பில் எதையும் போதிக்கவில்லை. நீங்கள் என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்கிறார், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்டிருக்கிறார், பிறகே விளக்குகிறார். அதன் பிறகு அவர் செய்வதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம்: ஊர் நெருங்கியதும் அவர் தம் வழியில் மேலும் போகிறவர் போலக் காட்டுகிறார். பொழுது சாய்ந்துவிட்டது, எங்களோடு தங்கும் என்று அவர்கள் வற்புறுத்திய பிறகே உள்ளே வருகிறார். பேச்சை முடித்துக்கொள்ளும் உரிமையைக் கேட்பவர் கையில் கொடுத்துவிட்ட பிரசங்கம் அது.

இதற்கு நேர்மாறான ஒன்றை ஒருமுறை திருச்சியிலிருந்து சென்னைக்கு வந்த பகல் வண்டியில் கண்டேன். எதிர் இருக்கைக்காரர், "சார், எங்க போறீங்க?" என்று தொடங்கினார். ஊர், வேலை, பிள்ளைகள் என்று விசாரித்துக்கொண்டு வந்தவர், விழுப்புரம் தாண்டியதும் குரலைத் தாழ்த்தி, "இந்த வண்டி இப்பக் கவுந்துருச்சுன்னா நீங்க எங்க போவீங்க, யோசிச்சிருக்கீங்களா?" என்றார். அவர் எந்தச் சமயத்தவர் என்பது இங்கே வேண்டாம். எல்லாச் சமயத்திலும் அவரைப் போன்றவர்கள் உண்டு. நான் எழும்பூர் போக வேண்டியவன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து கைப்பிரதி ஒன்றை எடுத்து, நான் கை நீட்டாததைக் கண்டும் என் மடியில் வைத்தார். சொன்ன செய்தியைவிட அந்த மடியில் வைத்த செயலே என்னை உறுத்தியது. அதுவரை அவர் கேட்ட நலம் விசாரிப்பெல்லாம் இதற்கான முன்னேற்பாடுதான் என்று தெரிந்தபோது, பிள்ளைகளின் படிப்பைப் பற்றி நான் மனமுவந்து சொன்னவற்றைக்கூடத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றியது.

அதே பெட்டியில் சன்னலோரம் ஒரு முதியவர் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே வந்தார். கைப்பிரதிக்காரர் தேநீர் வாங்க எழுந்து போனபோது, "பாய், இதுல எத்தன மணி?" என்று கேட்டேன். "முப்பத்திமூணு தம்பி. மூணு தடவ சுத்தினா தொண்ணூத்தொம்பது" என்றார். ஏன் அந்த எண்ணிக்கை என்றேன். இறைவனின் அழகிய திருநாமங்கள் 99 என்று சொல்லி, இரண்டு மூன்று பெயர்களைப் பொருளோடு சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் மேலும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். வடமொழியின் பழைய பொருளில் அதுவே பிரசங்கம்: சந்தர்ப்பத்தை ஒட்டி எழுந்த பேச்சு.

சமய நூல்கள் இந்த நுட்பத்தை அறியாதவை அல்ல. உங்கள் நம்பிக்கையைப் பற்றி விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்பது பேதுருவின் முதல் நிருபத்தில் உள்ள அறிவுரை; அதில் 'கேட்கிறவர்களுக்கு' என்ற சொல்லைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். இசுலாமியர் வழங்கும் 'தஃவா'வுக்கு அழைப்பு என்று பொருள். தமிழ் முசுலிம்கள் அதை 'அழைப்புப் பணி' என்றே சொல்கிறார்கள். திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் இவ்வழைப்பை ஞானத்தோடும் அழகிய அறிவுரையோடும் செய்யச் சொல்கிறது. நம் ஊரில் கலியாணத்துக்கு அழைப்பவர் தாம்பூலத் தட்டோடு வந்து பத்திரிகையைக் கையில் கொடுப்பார். வருவதும் வராததும் அழைக்கப்பட்டவர் விருப்பம்.

தமிழில் இதற்கான மிகப் பழைய நடத்தை விதி மணிமேகலையில் இருக்கிறது. புகார் நகரில் இந்திர விழா 28 நாள் நடக்கப் போகிறது என்று முரசறைபவன் யானையின் பிடரியில் முரசை ஏற்றி அறிவிக்கிறான். தெருவில் புதுமணல் பரப்புங்கள், கொடிகளைக் கட்டுங்கள் என்ற ஏவல்களுக்கிடையே சமயவாதிகளுக்கும் ஒரு சொல் வருகிறது: 'ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்'. அதாவது, தம் சமயக் கொள்கையை நிலைநாட்ட விரும்புவோர் அதற்கென அமைந்த மண்டபத்தில், முறையறிந்து ஏறுங்கள். அடுத்த வரி இன்னும் கூர்மையானது: 'பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்'. பகைவரே எதிரில் இருந்தாலும் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிப் போங்கள். விழாக்கோலம் பூண்ட ஊரில், வெளியூரார் பலர் வந்து கூடும் நாளில், சமயப் பேச்சு எங்கே ஏற வேண்டும், எப்படி இறங்க வேண்டும் என்று தோரணம் கட்டும் வேலையோடு சேர்த்து அறிவித்திருக்கிறார்கள். 'ஒட்டிய சமயம்' என்ற தொடரில் உள்ள ஒட்டும், பிரசங்கத்தின் வேரில் உள்ள ஒட்டும் ஒரே பொருளைத் தொடுவது தற்செயல்தான். ஆனாலும் எடுத்துக்காட்டாமல் விட மனமில்லை.

சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்திய அரசமைப்பின் 25ஆம் பிரிவு சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமையில் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் விளக்கியது. சென்னையில் ஒரு சபையின் ஒலிபெருக்கி பற்றி எழுந்த வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபடும்படி எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்று 2000இல் அதே நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை மார்கழி விடியலில் கூம்பு ஒலிபெருக்கி கட்டுகிறவர்களும் ஒருமுறை வாசிக்கலாம். மடியில் கைப்பிரதி வைப்பதற்குச் சட்டம் ஒன்றும் சொல்லாது; அது நாகரிகத்தின் பாடு.

ஆகவே என் பரிந்துரை இதுதான். வழிபாட்டின் பகுதியாக நிகழ்வதற்கு மறையுரை அல்லது அருளுரை. மேடையில் பலருக்கு நிகழ்த்துவதற்குச் சொற்பொழிவு. ஊர் ஊராகச் சென்று கொள்கையைப் பரப்புவதற்குப் பரப்புரை. அறியாத ஒருவரோடு இருக்கையைப் பகிர்ந்துகொண்டு தன் நம்பிக்கையைச் சொல்வதற்கு உரையாடல் என்ற எளிய சொல்லே போதும். உரையாடலில் இருவர் வேண்டும். ஒருவர் வாய் மூடியிருக்க மற்றவர் மட்டும் பேசினால் அதற்கு அந்தப் பெயர் நிற்காது. செர்மோவும் ஹோமிலியாவும் தொடக்கத்தில் குறித்ததும் இதைத்தான்.

'அதிகப்பிரசங்கி'க்குத்தான் தமிழ்ச் சொல் கிடைக்கவில்லை. வாயாடி என்றால் அளவு மட்டும் தெரிகிறது, இடம் தெரியவில்லை. துடுக்கன் என்றால் வயது குறுக்கே வருகிறது. 'மிகையுரையாளன்' என்று நானே ஒன்றைக் கட்டிப் பார்த்தேன், ஏதோ விருதுப் பட்டம் போல இருக்கிறது. அந்த வடசொல்லை அப்படியே விட்டுவிடலாம். அன்று வண்டி தாம்பரத்தில் நின்றபோது, எனக்குப் பின்னிருக்கையில் அதுவரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்த அம்மாள் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, "சரியான அதிகப்பிரசங்கி" என்று சொல்லிவிட்டுப் போனார். கைப்பிரதி கொடுத்தவரைச் சொன்னாரா, எழும்பூர் என்று பதில் சொன்ன என்னைச் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.