பிறந்த குழந்தையின் தலையில் ஏன் ஒயர் மாட்டுகிறோம்?

குன்னூரில் பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு ஜனவரி விடியற்காலையில், கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஓர் ஆண் குழந்தையைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். பிறந்து மூன்றாம் நாள். "பால் குடிக்க மாட்டேங்குது டாக்டரம்மா, சும்மா சப்புக்கொட்டிக்கிட்டே இருக்கு" என்றார் பாட்டி. பாதத்தைத் தொட்டால் சில்லென்று இருந்தது. குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தோம், சர்க்கரை பாதாளத்தில் இருந்தது. குளூக்கோஸ் ஏற்றி, வார்மரில் படுக்கவைத்து, மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி.க்காகத் தலையில் மின்முனைகளை ஒட்டப் போனால் எதுவும் ஒட்டவில்லை. உச்சிக்குழி நிறைய விளக்கெண்ணெய்! வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து நர்ஸ் துடைத்தெடுக்கவே கால் மணி நேரம் போனது.

பாட்டியின் மேல் எனக்குக் கோபமில்லை. குளிர்ச்சிக்கு என்று தலைமுறை தலைமுறையாக வைப்பதுதான். ஆனால் குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிவரும் நாளில் மட்டுமாவது தலையில் எண்ணெய் வேண்டாம்.

ஒட்டி முடித்ததும் திரையில் ஒரே அச்சில் வார்த்தது போன்ற அலைகள் வரிசையாக எழுந்தன. அது வலிப்பு. அதற்குள் சப்புக்கொட்டுவது நின்றிருந்தது. குழந்தை கைகால் அசைக்காமல், கண்ணைத் திறந்துகொண்டு சாதுவாகப் படுத்திருந்தது. பார்க்கிற யாரும் 'அமைதியாகிவிட்டான்' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

வலிப்பு என்றால் கைகால் வெட்டி, வாயில் நுரை தள்ளும் என்றே நாம் நினைக்கிறோம். பிறந்த குழந்தையின் மூளையில் நரம்பிணைப்புகள் இன்னும் முழுதாக அமையவில்லை. அதனால் வலிப்பு சின்னச் சின்னதாகத்தான் வெளியே தெரியும்: கண் ஒரு பக்கமாக நிலைகுத்தும், வாய் சப்பும், கால் சைக்கிள் மிதிக்கும், சில விநாடி மூச்சு நிற்கும். பல நேரம் வெளியே ஒன்றுமே தெரியாது. மருந்து கொடுத்தபின் உடம்பு அடங்கி, மூளைக்குள் மட்டும் வலிப்பு தொடர்வதும் உண்டு. சாதாரண நடுக்கமா வலிப்பா என்று சந்தேகம் வந்தால், துடிக்கிற கையை மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். நடுக்கம் பிடித்ததும் நிற்கும், வலிப்பு நிற்காது. நின்றாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், சர்க்கரை குறைந்தாலும் நடுக்கம் வரும். நான் புதிதாக வேலைக்கு வந்த காலத்தில், இப்படி வாய் சப்பிய ஒரு குழந்தையைப் பசி என்று நினைத்து, பால் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் திரும்ப வந்தது. அந்த ஒரு நாள் இன்றும் என்னை உறுத்துகிறது.

"கரன்ட்டு வைக்கிறீங்களா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். இல்லை. மூளை தானாக உண்டாக்கும் மின்சாரத்தை வாங்கிக்கொள்வது மட்டுமே அந்த ஒயர்களின் வேலை. அந்த மின்சாரம் மைக்ரோவோல்ட் கணக்கு, அதாவது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மனித மூளையில் முதன்முதலாக 1924-இல் இதைப் பதிவுசெய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர். எங்கள் வார்டில் நாள்கணக்கில் ஓடுவது அதன் சுருக்கமான வகை. நான்கைந்து ஒயர்தான், மணிக்கணக்கான பதிவு ஒரு சாண் அகலத்தில் அடங்கிவிடும்.

தலை ஸ்கேன் வேறு. உச்சிக்குழியில் இன்னும் எலும்பு மூடாததால் ஒலியலை உள்ளே போய்த் திரும்பும். கொஞ்சம் ஜெல், பத்து நிமிஷம், கதிர்வீச்சு கிடையாது. 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு முதல் மூன்று நாளுக்குள் மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து அதிகம். பெரும்பாலும் வெளியே அடையாளம் இருக்காது, ஸ்கேன்தான் காட்டும். ஆனால் அது காட்டுவது மூளையின் அமைப்பை. மூளை வேலை செய்கிறதா என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. 'ஸ்கேன் நார்மல்தானே, பிறகு எதற்கு ஒயர்?' என்ற கேள்விக்கு இதுதான் பதில். உச்சிக்குழி வழியாகவே மூளையின் செயல்பாட்டையும் பார்க்கும் அதிவேக ஒலியலை முறையை 2017-இல் பாரிஸில் பச்சிளங்குழந்தைகளிடம் செய்து காட்டியிருக்கிறார்கள். அது இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது.

ஒளியாலும் பார்க்கலாம். டார்ச்சை உள்ளங்கையில் பொத்தினால் விரலிடுக்கு சிவப்பாகத் தெரியுமே, அதே போல அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளி குழந்தையின் மெல்லிய மண்டையோட்டைக் கடக்கும். ஆக்சிஜன் ஏந்திய ரத்தமும் ஏந்தாத ரத்தமும் அந்த ஒளியை வெவ்வேறு அளவில் விழுங்கும். வேலை செய்கிற இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும், அதை வைத்தே கணக்கு. 2003-இல் இத்தாலியில், பிறந்து ஐந்து நாளுக்குள் இருந்த குழந்தைகளுக்குப் பேச்சை நேராகவும் பின்னிருந்து முன்னாகவும் ஓட்டிக் காட்டினார்கள். நேரான பேச்சுக்கு இடப்பக்க மூளை கூடுதலாகச் சிலிர்த்தது. அதனால்தான் வார்மர் பக்கத்தில் நின்று பேசச் சொல்லி அம்மாக்களை வற்புறுத்துகிறேன். படுகிலோ தமிழிலோ, வீட்டில் பேசும் பாஷையில் பேசுங்கள்.

எம்.ஆர்.ஐ.-க்கு இந்தக் குழந்தையைக் கோவைக்கு அனுப்பினோம். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவதற்கு முன் உடம்பு சூடு, சர்க்கரை, மூச்சு மூன்றும் நிலையாக வேண்டும். அவசரப்பட்டு ஓட்டுவதில் பயனில்லை. அங்கே பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது. பால் கொடுத்து, காதை அடைத்து, துணியில் இறுகச் சுற்றினால் குழந்தை தூங்கிவிடும். கொலுசு, காப்பு, தாயத்து, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். சர்க்கரை இறங்கினால் அதிகம் அடிபடுவது பின்பக்க மூளை, அதாவது பார்வைக்கான பகுதி. இவனுக்கு அங்கே லேசான மாற்றம் இருந்தது. அந்தப் படத்தை வைத்து 'இவன் பள்ளிக்கூடம் போவானா' என்று அப்பா கேட்டார். ஒரு படம் அதைச் சொல்லாது. மாதாமாதம் கண்ணையும் கழுத்தையும் கையையும் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன்.

கோவைக்கு அனுப்புவதற்கு முந்தைய இரவு, ஒயர்களைக் கழற்றுமுன் பாட்டியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். பட்டையான கோடு ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் ஒடுங்கியும், மறுபடி அகன்றும் ஓடியது. தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வரத் தொடங்கியதன் அடையாளம் அது. நாங்கள் அதற்காகத்தான் காத்திருந்தோம். கோட்டின் அகன்ற பகுதியில் விரலை வைத்துக் காட்டினேன்.

"அப்ப, இப்ப தூங்குதா கண்ணு?"

"தூங்குறான் பாட்டி."

உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஓரத்தில் பேசிக்கொண்டிருந்த மருமகளைக் கையால் அமர்த்தினார்.