சிங்கி இறாலும் ஊர்க்கமிட்டியும்

திருநெல்வேலி மாவட்டத்தின் கடற்கரை ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவு. கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தன்குழி, உவரி, கூடுதாழை என்று நீளும் அந்தக் கரைக்கு எதிரே, கடலடியில் பாறைத் திட்டுகள் நிறைய உண்டு. மீனவர்கள் அவற்றைப் பார் என்பார்கள். பகலெல்லாம் பாரின் பொந்துகளில் பதுங்கிக் கிடக்கும் சிங்கி இறால், இருட்டிய பிறகே இரை தேடி வெளியே வருகிறது. அதனால்தான் சிங்கி வலையை மாலையில் இறக்கி விடியற்காலையில் எடுக்கிறார்கள்.

வலையிலிருந்து கழற்றிய பெண் இறாலைப் புரட்டிப் பாருங்கள். சினைப் பருவமாக இருந்தால், வாலின் அடிப்புறத்துச் சிறு துடுப்புகளில் முட்டைகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். புதியவை ஆரஞ்சு நிறம். பொரிக்கும் நாள் நெருங்க நெருங்க அவை பழுப்பேறும். ஒரு தாயிடமே லட்சக்கணக்கில் முட்டைகள் இருக்கலாம். உடல் பெருக்கப் பெருக்க அந்த எண்ணிக்கையும் கூடும்.

பொரிந்து வரும் குஞ்சுக்கு இறாலின் சாயலே கிடையாது. இலை வடிவில் தட்டையாக, ஒளி ஊடுருவும் உடலோடு, மாதக்கணக்கில் நீரோட்டத்தின் போக்கில் மிதக்கிறது. கரையை விட்டு வெகுதூரம் போய், பலமுறை தோலுரித்து, கடைசியில் குட்டி இறாலாக உருமாறிக் கரையை நோக்கி நீந்தி ஏதாவது ஒரு பாரில் குடியேறுகிறது. அது தாய் வாழ்ந்த பாராக இருக்க வேண்டிய அவசியமில்லை. உவரிக்காரர் இரக்கப்பட்டு விட்ட தாயின் குஞ்சு எந்த ஊர் வலையில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கடல்வள நிர்வாகத்தின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பாரில் குடியேறிய குட்டி இறாலை வளர விட்டால் பலன் பெரும்பாலும் உள்ளூருக்கே கிடைக்கும். பாரில் குடியேறிய இறால் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே வளர்கிறது. இன்று நூறு கிராம் இருப்பதைப் பிடிக்காமல் விட்டால் சில முறை தோலுரித்த பிறகு எடை கூடி, ஏலத்தில் கிலோவுக்கும் கூடுதல் விலை பெறும். தாய் இறாலை விடுவதன் பலனோ கடற்கரை முழுவதற்கும் சிதறிப் போகிறது. முதலாவதை ஓர் ஊர் தனியாகச் செய்யலாம். இரண்டாவதற்கு எல்லா ஊர்களும் சேர வேண்டும்.

சட்டம் என்ன செய்கிறது? 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநில அரசின் பொறுப்பு, அதற்கு அப்பால் மத்திய அரசின் பொறுப்பு. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் கரையை ஒட்டிய கடற்பகுதியை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்குகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்கு உரியது. சிங்கி பிடிப்பதோ பெரும்பாலும் வள்ளங்கள் எனப்படும் சிறு நாட்டுப்படகுகள். இறாலும் அந்த இரண்டு மாதத்தில் மட்டும் சினை பிடிப்பதில்லை. 2003 முதல் ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை உண்டு: சிங்கி இறால் வகைகளில் பனுலிரஸ் ஹோமாரஸ் இனத்துக்கு 200 கிராம், பனுலிரஸ் ஆர்னேட்டஸ் இனத்துக்கு 500 கிராம். நல்ல விதிதான். ஆனால் ஏற்றுமதி வாசலில் அது வேலை செய்யும் நேரத்தில் இறால் கரையேறி வெகுநேரம் ஆகியிருக்கும்.

கடலுக்கு மிக அருகில் இருக்கும் அமைப்பு ஊர்க்கமிட்டி. கத்தோலிக்கப் பங்கை, அதாவது ஊர்க் கோயிலைச் சார்ந்த திருச்சபைப் பிரிவை, ஒட்டி அமைந்த இந்தக் கமிட்டிகளின் சொல்லுக்கு ஊருக்குள் கனமான மதிப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்ற வழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது வழிபாட்டுக்காக வந்தது. ஆனாலும் வாரத்தில் ஒருநாள் பார்களுக்கு ஓய்வு கிடைத்துவிடுகிறது. அதைக் காக்கக் காவல் படகு எதுவும் தேவைப்படவில்லை.

பொதுவளங்களைப் பற்றிய ஆய்வுக்காக 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரோம் கண்டதும் இதுதான்: வளத்தைப் பயன்படுத்துவோரே விதியை வகுத்து, அவர்களே கண்காணித்து, மீறுவோருக்குச் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகத் தண்டனை விதிக்கும் இடங்களில் வளம் நீடிக்கிறது. அதோடு அவர் மற்றொன்றையும் வலியுறுத்தினார். மேலே உள்ள அரசு அந்த விதிகளை ஏற்க வேண்டும். இங்கே குறைவது அதுதான் என்று நினைக்கிறேன். 1992இன் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளுக்கு உரியதாகப் பட்டியலிட்ட 29 துறைகளில் மீன்வளமும் ஒன்று. ஆனால் கடலில் எந்த வலை இறங்கலாம் என்பதில் ஊராட்சிக்குக் குரல் இல்லை; கமிட்டியின் தீர்மானமோ அடுத்த ஊர் வள்ளத்தைக் கட்டுப்படுத்தாது.

கூட்டப்புளி முதல் கூடுதாழை வரை எல்லாக் கமிட்டிகளும் ஒன்றாக உட்கார்ந்து, சினை இறாலைக் கரைக்குக் கொண்டுவருவதில்லை, வியாபாரிகளும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்து, மீன்வளத் துறை அதற்கு ஆணை வடிவம் கொடுத்தால் கடற்கரை அளவிலான விதி கிடைத்துவிடும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மீனவர்கள் சினை இறாலின் வால் மடலில் சிறு வெட்டு அடையாளம் இட்டுக் கடலில் விடுகிறார்கள். அடையாளம் இருக்கும் வரை, முட்டை இல்லாத காலத்திலும் அதை யாரும் பிடிக்கக் கூடாது.

வலையும் இதில் கவனிக்க வேண்டியது. பல சுற்றாகச் சிக்கிய இறாலைக் கழற்றும்போது காலும் மீசையும் ஒடிகின்றன. அப்படிக் காயப்பட்டதைத் திருப்பி விட்டாலும் பிழைக்கும் வாய்ப்பு குறைவு. வலைக்குப் பதில் இரை வைத்து இறக்கும் கூட்டுப்பொறியில் அகப்பட்டதை முழுதாக எடுத்து அதே பாரில் விடலாம். கூட்டுக்கு இரை வேண்டும், வேலையும் அதிகம், உண்மைதான். ஆகவே ஒவ்வோர் ஊரும் முதலில் ஒரே ஒரு பாரில் மட்டும் வலையை நிறுத்திக் கூடு இறக்கட்டும். ஒரு பருவம் முழுக்க அந்தப் பாரின் பிடிப்பைத் தனியாக எடை போட்டு, ஏல விலையோடு கமிட்டியின் கணக்கு நோட்டில் எழுதி, மற்றப் பார்களின் வரவோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.